நூற்றுப் பதினேழு முறை ஆம்

பிப்ரவரி 9, திங்கள்

என் கணவர் கஸ்பார் இறந்த முப்பதாம் நாள் பூசை சனிக்கிழமை முடிந்தது. ஒலிபெருக்கி இரண்டு முறை கீச்சிட்டது. பாடகர் குழு சுதி இறங்கிப் பாடியது. மற்றபடி குறையில்லை.

இன்று அவருடைய மேசைக்கு வந்தேன். முதல் இழுப்பறையில் ஏழு பேனா, எழுதுவது ஒன்று. இரண்டாவதில் திருகாணிகள். கணினியில் 'சந்து' என்ற பெயரில் ஓர் உறை, அதற்குள் நூற்றுப் பதினேழு கோப்புகள். இரண்டு வருட உழைப்பு. எங்கள் தெருவிலிருந்து கடலுக்குப் போகும் சங்குச் சந்து தங்கள் நிலம் என்றும், கதவு போட்டுப் பூட்டப் போவதாகவும் குடோன் கம்பெனிக்காரர்கள் சொன்ன நாளிலிருந்து, கஸ்பாரும் அவருடைய சிநேகிதன் தொபியாஸும் வீடு வீடாகப் போனார்கள். அந்தச் சந்து வழியே நடந்து வளர்ந்த கிழவர் கிழவிகளின் குரலைப் பதிவு செய்தார்கள், பழைய படங்களை நகலெடுத்தார்கள், வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்தார்கள். பேசியவர்களில் ஐந்து பேர் இப்போது இல்லை. படங்களில் பாதியின் அசல் மழை வெள்ளத்தில் போய்விட்டது. எங்களிடம் இருப்பது இந்த நூற்றுப் பதினேழுதான்.

இவ்வளவு செய்த மனிதர் வைத்திருக்கும் பெயர்களைப் பார்க்க வேண்டும். 'சந்து பழசு ஒன்று'. 'படம் புதுசு புதுசு'. 'குரல் முப்பத்துநான்கு'. போதாததற்கு ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு புள்ளியும் மூன்றெழுத்து வாலும்: டாக், ஜேபிஜி, எம்பித்ரீ. யார் பேசினார்கள், எந்த வீடு, ஒன்றும் விளங்காது. இருபத்தொன்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் சூப்பர்வைசராக இருந்தேன். பதிவேட்டில் இப்படி எழுதிய பெண்ணை அன்றே திருப்பி எழுத வைத்திருப்பேன்.

திருத்த ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் மதர் யூலாலி கற்றுக்கொடுத்த முறைதான்: குடும்பப் பெயர் முதலில், புள்ளி வைத்து முதலெழுத்துகள் கடைசியில். வாலை எடுத்துவிட்டேன். நீல நோட்டில் கோடு கிழித்து, பழைய பெயர் ஒரு பத்தி, புதிய பெயர் ஒரு பத்தி. பழைய பெயரை வாலோடு அப்படியே எழுதினேன். நகலெடுக்கும்போது பிழையையும் பிழையாகவே எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் கணினி ஒரு கட்டம் போட்டு, நிச்சயமா என்று கேட்டது. மேலே இன்னும் ஏதோ ஒரு வரி. ஒரு பெண் முடிவெடுத்தால் நிச்சயமா என்று கேட்கும் பழக்கம் இயந்திரத்துக்கும் வந்துவிட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

பிப்ரவரி 11, புதன்

முடித்தேன். நூற்றுப் பதினேழு. நூற்றுப் பதினேழு முறை ஆம்.

பார்க்கவே லட்சணமாக இருக்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

சந்துக் குழுத் தலைவர் ஞானராஜ் கொரேரா வந்தார். சார் ஆட்சியர் முன்னால் விசாரணை மார்ச் 17 என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. "அண்ணன் சேத்து வச்சதுதான்ம்மா நமக்கு எல்லாம். அது இல்லன்னா அந்தக் கம்பெனிக்காரன் அன்னைக்குச் சாயங்காலமே கேட்டைப் போட்டுருவான்" என்றார். கோப்புகளைத் தொபியாஸிடம் கொடுத்தனுப்பச் சொன்னார். எல்லாம் ஒழுங்கு செய்து வைத்திருக்கிறேன் என்றேன். காபியில் மூன்று சீனி போடுகிறார். இந்த வயதில்.

பிப்ரவரி 16, திங்கள்

தொபியாஸ் பென்டிரைவோடு வந்தான். லாஞ்சு எஞ்சின் பழுது பார்க்கிறவன், நகத்தில் கிரீஸ். கை கழுவச் சொன்ன பிறகே நாற்காலியில் உட்காரவிட்டேன். முதல் கோப்பைத் தட்டினான். திறக்கவில்லை. எந்தச் செயலியால் திறப்பது என்று கணினி அவனையே கேட்டது. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும்.

"என்ன மதினி, அண்ணன் இருந்தப்போ தொட்டா தொறக்கும். இப்போ மொறச்சிட்டு நிக்கி."

"மவுஸை அப்படி இடிக்காதே. அது எஞ்சின் இல்ல."

"எஞ்சின்னா நான் எப்பவோ ஓட்டிருப்பேனே" என்றான். நாற்பது கோப்பு தட்டிப் பார்த்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "இதுல கோயில்மேரி பாட்டியோட பேச்சு இருக்கு மதினி. அவ செத்துட்டால்லா. இனி யாருகிட்ட போயி கேக்க."

கணினி பழையது, அதில்தான் கோளாறு என்றேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

நான்கு முறை அணைத்துப் போட்டேன். திறக்கவில்லை. திரையைத் துடைத்தேன். விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டியதில் ஒரு மாமாங்கத்து முறுக்குத் தூள் கொட்டியது. திறக்கவில்லை.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

ஒருசந்தி, ஒரு வேளைதான் சாப்பாடு. காலையில் நெற்றியில் சாம்பல். பதினொரு மணிக்குக் கொரேராவின் காரில் சுலைகாவின் ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். தட்டச்சு, அச்சு, கணினி பழுது எல்லாம் அங்கேதான். சுலைகாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வாடிக்கையாளரை நிற்கவைத்துப் பேசும் பழக்கம் உண்டு. என்னை உட்காரச் சொன்னாள்.

தொபியாஸ் நகலெடுத்து வைத்துப்போன பென்டிரைவைப் போட்டுப் பார்த்தாள். "இதென்னம்மா, ஒண்ணு 'எஸ்' வகைங்குது, ஒண்ணு 'ஆர்' வகைங்குது. அப்படி வகையே உலகத்துல கிடையாதே. கம்ப்யூட்டர் கடைசிப் புள்ளிக்குப் பின்னால இருக்கறதப் பாத்துத்தான் இது எழுத்தா படமா குரலான்னு கண்டுபிடிக்கும். அந்த வாலை யாரோ நறுக்கியிருக்காங்க. நீங்க பேரு எதுவும் மாத்துனீங்களா?"

"மாத்தலை" என்றேன்.

மாற்றுவது என்றால் ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது. நான் செய்தது திருத்தம்.

"அப்போ அண்ணனுக்கு அப்புறம் இதுல உக்காந்தது யாரு?" இது கொரேரா.

"திங்கட்கிழமை தொபியாஸ் உட்கார்ந்தான்."

இது உண்மை. கேட்ட கேள்விக்கு உண்மையான பதில்.

கொரேரா கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். சுலைகா ஒரு கோப்பின் பெயருக்குப் பின்னால் ஜேபிஜி என்று ஒட்டினாள். திறந்தது. 1971, சந்தின் முனையில் சங்குக் குவியல், பின்னால் கடல். "பாத்தீங்களா, உள்ள ஒரு சேதமும் இல்ல. ஆனா எதுக்கு எந்த வாலுன்னு தெரியாது. ஒவ்வொண்ணா ஒட்டி ஒட்டிப் பாக்கணும்" என்றாள்.

நானே வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று பென்டிரைவை வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

கொரேரா தொலைபேசியில்: "தொபியாஸ் மவன் அந்தக் குடோன்லதான லாரி ஓட்டுதான். நமக்குத் தோணாமப் போச்சு பாருங்க. குழுவுக்கு இனி வரவேண்டாம்னு சொல்லிட்டோம்."

"ஆதாரமில்லாம ஒருத்தரைச் சொல்லக் கூடாது" என்றேன்.

"நீங்கதான சொன்னீங்க, அவன் உக்காந்தான்னு."

முருங்கைக் கீரை ஆய்ந்தேன். ஒரு கட்டு ஆய இவ்வளவு நேரம் ஆனதில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

பூசையில் தொபியாஸ் தூணோரம் வழக்கமான இடத்தில் இல்லை. வெளியே வேப்பமரத்தடியில், செருப்போடு நின்றிருந்தான். அவன் மனைவி உள்ளே தனியாக. அவள் பக்கத்தில் ஒரு பெஞ்சு முழுவதும் காலி.

பிப்ரவரி 24, செவ்வாய்

நீல நோட்டை எடுத்தேன். ஒட்டிப் பார்க்க வேண்டிய தேவை எனக்கில்லை. இடது பத்தியில் எல்லாம் இருக்கிறது. காலை ஆறரைக்கு ஆரம்பித்தேன். கட்டம் மறுபடி வந்தது. இந்த முறை மேலே இருந்த வரியையும் படித்தேன். வாலை மாற்றினால் கோப்பு பயன்படாமல் போகலாம் என்று எழுதியிருக்கிறது. சின்ன எழுத்து. இதைப் பெரிய எழுத்தில் போட்டால் என்ன?

நான் செய்தது சரியான முறைதான். இயந்திரத்தின் முறை வேறு என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

முப்பத்துமூன்று கோப்பு திறந்தது. முப்பத்துநான்கு, கோயில்மேரி பாட்டியின் குரல். சரிபார்க்க வேண்டியதால் கேட்டேன். கிழவி தன் புருஷன் சங்கு குளிக்கச் சந்து வழியே போன கதையைச் சொல்லி முடித்துவிட்டு, இடையில் கேட்கிறாள்: "உம்ம பொஞ்சாதி எப்பிடி இருக்கா, கஸ்பாரு?"

கஸ்பார் சிரிக்கிறார். "அவளுக்கென்ன பாட்டி. எப்பவும் சரியா இருப்பா. அதுதான் பாவம், அவளுக்குக் கஷ்டம்."

தொபியாஸும் சிரிக்கிற சத்தம். பிறகு கிழவி. மூன்று பேரும் நன்றாகச் சிரிக்கிறார்கள்.

மீதியை நாளை செய்வேன்.

பிப்ரவரி 26, வியாழன்

நூற்றுப் பதினேழும் பழைய பெயரில் இருக்கின்றன. நூற்றுப் பதினேழும் திறக்கின்றன. ஒவ்வொன்றையும் இருமுறை திறந்து பார்த்தேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்துக் கொரேராவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சொன்னார்: "அவன் நாசமாக்கிட்டுப் போனதை இந்த வயசுல தனியா உக்காந்து மீட்டுட்டீங்களே. எட்டாம் தேதி கூட்டத்துல உங்களுக்குப் பொன்னாடை போடணும்."

வேண்டாம் என்றேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மார்ச் 1, ஞாயிறு

தொபியாஸ் வந்தான். வாசற்படிக்கு மேலே ஏறவில்லை. ஒரு துணிப்பையில் கஸ்பாரின் குரல் பதிவுக் கருவி.

"அண்ணன் எங்கிட்ட குடுத்து வச்சது. இதையும் வித்துட்டேன்னு சொல்லிருவாவ. நீங்களே வச்சிக்கிடுங்க."

"உள்ளே வா. காபி போடுறேன்."

"வேண்டாம் மதினி." பையை என் கையில் வைத்தான். "நீங்களும் நம்புதியளா?"

"இல்லை."

"அப்போ சரி. எனக்கு அது போதும்."

போதாது என்று எனக்குத் தெரியும். அவன் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். நோட்டு மேசையின் மூன்றாவது இழுப்பறையில் இருக்கிறது. வாசலிலிருந்து பதினான்கு அடி.

மார்ச் 4, புதன்

தவக்காலப் பாவசங்கீர்த்தனம். வழக்கமானவற்றைச் சொன்னேன்: பொறுமையின்மை, பாடகர் குழுவைப் பற்றிய எண்ணங்கள். குருவானவர் வேறு ஏதும் உண்டா அம்மா என்றார். உண்டு, ஆனால் அதை இங்கே சொல்லித் தீர்க்க முடியாது என்றேன். திரைக்குப் பின்னால் அவர் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும், நாற்காலி முனகியது.

ஜெராக்ஸ் கடையில் நாலு பேர் நடுவே சொன்ன பொய்யை இருட்டுக் கூண்டுக்குள் மெதுவாகச் சொல்லிக் கழுவிக்கொள்வது கோழைத்தனம். பொய் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும். அடிக்கப் போவதில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கூட்டம் பங்குப் பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்பு அறையில். நாற்பது பேர் இருப்பார்கள். தொபியாஸ் இல்லை. முன்கூட்டியே அவன் வீட்டுக்கு நடந்து போய், நீ வந்து வெளியேயாவது நில் என்று சொல்லியிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே சட்டை தெரிந்தது.

கொரேரா பொன்னாடையைப் பிரித்தார். மஞ்சள் நிறம், ஜரிகை மட்டம். "சதியை முறியடித்த நம் சூப்பர்வைசர் அம்மா" என்று ஆரம்பித்தார்.

"அதை மடிச்சு வையுங்க" என்றேன். "சதி ஒண்ணும் இல்ல. வாலை எடுத்தது நான்."

யாரோ பின்னால் சிரித்தார்கள், வேடிக்கை என்று நினைத்து. நான் நோட்டைத் திறந்து முதல் பக்கத்தைப் படித்தேன். தேதி, பழைய பெயர், புதிய பெயர். பத்து வரி படித்ததும் அறை அடங்கிவிட்டது. பிப்ரவரி 9 முதல் 11 வரை நூற்றுப் பதினேழையும் மாற்றினேன், 24 முதல் 26 வரை திருப்பி வைத்தேன், தொபியாஸ் தொட்டது 16ஆம் தேதி ஒருநாள், அதற்குள் எல்லாம் திறக்காமல் போயிருந்தது என்றேன். சுலைகா என்னைக் கேட்டபோது பொய் சொன்னேன் என்றும் சொன்னேன். அந்தச் சொல்லை முதல்முறை வாய்விட்டுச் சொன்னேன். பரவாயில்லை, உச்சரிப்பு நன்றாகவே வந்தது.

"இதை அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா" என்றார் ஒருவர்.

"சொல்லியிருக்கணும். சொல்லலை. அதுக்கு நீங்க என்ன பேசினாலும் நின்னு கேக்குறேன். ஆனா ஒரு கேள்வி. நான் அவன் உட்கார்ந்தான்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். மீதியெல்லாம் சேர்த்தது நீங்க. முப்பது வருஷமா உங்க எஞ்சினை ஓசியில பார்த்துத் தந்தவன் உங்களை வித்துடுவான்னு நம்ப உங்களுக்கு எத்தனை நாள் ஆச்சு? ரெண்டு நாள்."

கதவைத் திறந்து தொபியாஸைக் கூப்பிட்டேன். வந்தான். முன்பெஞ்சில் இருந்தவர்களை நகரச் சொன்னேன். நகர்ந்தார்கள். அவன் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தான். மன்னித்தானா என்று தெரியவில்லை. அது அவன் பாடு.

மார்ச் 16, திங்கள்

கொரேரா வந்தார், இந்த முறை சீனி கேட்கவில்லை. "நாளைக்குக் கம்பெனி வக்கீல் கேப்பான், அண்ணன் எறந்தப்புறம் கம்ப்யூட்டரை யாரும் தொட்டாங்களான்னு. இல்லன்னு மட்டும் சொல்லிருங்கம்மா. பேரை மாத்துனதுன்னு தெரிஞ்சா மொத்தத்தையும் தள்ளிருவாங்க. ஒரே வார்த்தை. சந்தே போயிரும்."

ஒரே வார்த்தையால்தான் சென்ற மாதம் ஒரு மனிதன் வேப்பமரத்தடிக்குப் போனான் என்றேன்.

வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். சார் ஆட்சியர் ஒரு பெண், என் பேத்தி வயது இருந்தால் இருக்கும், ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முதலில் தொபியாஸ். எந்த வீடு, எந்த நாள், யார் பேசினார்கள், தடுமாறாமல் சொன்னான். கோயில்மேரி பாட்டியின் பதிவு அறையில் ஓடியது. கஸ்பார் சிரிக்கிற இடம் வந்ததும் கொரேரா நிறுத்தப் போனார். ஓடட்டும் என்று கைகாட்டினேன். அவருடைய மனைவி எப்போதும் சரியாக இருப்பாள் என்று அறை முழுவதும் கேட்டது.

பிறகு நான். கம்பெனி வக்கீல் மென்மையாகத்தான் கேட்டார். "திரு. கஸ்பார் மொத்தா இறந்த பிறகு இந்தக் கோப்புகளை யாராவது கையாண்டிருக்கிறார்களா, அம்மா?"

கொரேரா தரையைப் பார்த்தார்.

"ஆமாம். நான். நூற்றுப் பதினேழையும்."

வக்கீலுக்கு முகம் மலர்ந்தது. அப்படியானால் இவை நம்பத் தகுந்தவை அல்ல, மேடம் என்று எழுந்தார். நான் அவரை உட்காரச் சொன்னேன். தொலைபேசி நிலையத்துக் குரல், போய்விட்டதென்று நினைத்திருந்தேன். உட்கார்ந்துவிட்டார். நீல நோட்டை மேசையில் வைத்தேன். மாற்றியது பெயரை மட்டும், உள்ளே இருப்பதில் ஓர் எழுத்தையும் தொடவில்லை, சந்தேகமிருந்தால் எந்தக் கணினி நிபுணரிடமும் கொடுத்துச் சோதிக்கலாம் என்றேன். கணினியையே கொண்டுவந்திருந்தேன். தொபியாஸ் வெளியே லோடு ஆட்டோவில் போர்வை சுற்றி வைத்திருந்தான்.

"இந்த நோட்டு இந்த அம்மா எழுதியது என்பதற்கு என்ன சாட்சி? கையெழுத்துகூட இல்லை" என்றார் வக்கீல்.

அது சரியான ஆட்சேபம். அதிகாரியிடம் பேனாவும் அடிக்கோலும் கேட்டேன்.

அவர் கொடுப்பதற்கு முன் என்னைப் பார்த்தார். "இது பதிவாகும்மா. பின்னால மாத்த முடியாது. உங்க பக்கத்துக்கே பாதகமாகவும் போகலாம். நிச்சயமா?"

மேலே உள்ள வரியைப் படித்துவிட்டேன், இந்த முறை.

"ஆம்" என்றேன். நூற்றுப் பதினெட்டாவது. திருப்பி வைத்தபோது அழுத்தியதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாவது பத்திக்குக் கோடு கிழித்தேன். தலைப்பில் 'செய்தவர்' என்று எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்திட்டேன். வக்கீல் ஒரு கையெழுத்து போதுமே என்றார். நூற்றுப் பதினேழு முறை செய்ததற்கு ஒரு கையெழுத்து போதாது என்றேன். இருபது நிமிடம் ஆனது. யாரும் எழுந்து போகவில்லை. மின்விசிறி பக்கத்தைப் புரட்டாமலிருக்கத் தொபியாஸ் வந்து நோட்டின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டான். கை கழுவியிருந்தான்.

அறுபதாவது வரியில், "கை வலிக்கா மதினி?" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"இல்லை."

"பொய்" என்றான்.

"ஆமாம், பொய். அடுத்த பக்கத்தைப் பிடி."

மார்ச் 31, செவ்வாய்

ஆணை வந்தது. கணினியைச் சோதித்தவர் கோப்புகளின் உள்ளடக்கம் மாறவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். சங்குச் சந்து பொதுவழி. கதவு போடக் கூடாது. நகலைத் தொபியாஸ் கொண்டுவந்தான், படியேறி, உள்ளே வந்து. காபி குடித்தான்.

இரண்டாம் பக்கம் ஆறாம் வரியில் என்னுடைய வயதை எழுபத்தெட்டு என்று அச்சிட்டிருக்கிறார்கள். எழுபத்தாறு. பேனாவை எடுத்தேன். தொபியாஸ் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மூடி வைத்தேன். நாளை முறைப்படி மனு எழுதிக் கேட்பேன், அவர்களே திருத்தட்டும்.

மாலை ஐந்து மணிக்குச் சந்து வழியே கடல்வரை நடந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு அடி. 'சந்து பழசு ஒன்று' என்ற வாக்குமூலத்தில் கஸ்பார் முந்நூறு என்று போட்டிருக்கிறார். தவறு. அப்படியே இருக்கட்டும்.